ரோம் முற்றுகைக்குள் ஒரு ரத்தக்காட்டேரி: சரித்திரத் திகில் கதை எழுத வருபவர்களுக்கு

ரத்தக்காட்டேரி என்றதும் கறுப்பு மேலங்கி, மலை உச்சிக் கோட்டை, உள்ளிருந்து திறக்கும் சவப்பெட்டி என்று ஒரு படம் கண் முன்னால் வந்துவிடும். அதை அப்படியே ஐந்தாம் நூற்றாண்டு ரோமுக்குக் கொண்டுபோனால் கதை ஒட்டாது. ஊர் ஒரு காலம், பேய் வேறு காலம் என்று வாசகருக்கு இரண்டாவது பக்கத்திலேயே தெரிந்துவிடும். அந்தக் காலத்து மக்கள் எதற்குப் பயந்தார்கள், செத்தவர்களை எங்கே புதைத்தார்கள், இரவில் வாசலை எதைக் கொண்டு காத்தார்கள் என்பதிலிருந்துதான் அந்தக் காலத்துக் காட்டேரி பிறக்க வேண்டும். எப்படி என்று ஒரே ஒரு நிகழ்வை வைத்து வரிசையாகப் பார்க்கலாம்.

ஓர் ஊர், ஓர் ஆண்டு

ரோமப் பேரரசுக்குள் வெளி இனங்கள் புகுந்த காலம் மிக நீளம். 376-இல் ஹூணர்களுக்குப் பயந்து கோத்துகள் டான்யூப் நதியைக் கடந்தார்கள். 378-இல் அட்ரியானோபிள் போரில் பேரரசர் வாலென்ஸ் மாண்டார், உடல் கிடைக்கவே இல்லை. 406 கடைசியில் வாண்டல்களும் ஆலன்களும் சுவேபிகளும் ரைன் நதியைத் தாண்டினார்கள். 410-இல் ரோம் சூறையாடப்பட்டது. 455-இல் மறுபடியும். புதிதாக எழுதுபவர்கள் இவ்வளவையும் ஒரே கதைக்குள் அடைக்கப் பார்ப்பார்கள். சாகாத பாத்திரம் கையில் இருக்கிறதே, நூறு வருடமும் அவனை நடக்கவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் கதை பாடப்புத்தகம் ஆகிவிடும். முதல் கதைக்குச் சில மாதங்கள் போதும்.

நான் எடுத்துக்கொள்ளச் சொல்வது 408-ஆம் ஆண்டின் இலையுதிர்காலம். கோத்துகளின் தலைவன் அலாரிக் ரோமை முதல் தடவை முற்றுகையிட்ட சமயம். எல்லோருக்கும் தெரிந்தது 410 ஆகஸ்ட் 24-ஆம் தேதி நடந்த சூறையாடல். ஆனால் அது மூன்று நாளில் முடிந்துபோனது. திகில் கதைக்கு மெதுவாக இறுகும் கயிறு வேண்டும். அது 408-இல்தான் இருக்கிறது.

என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

மேற்குப் பேரரசின் பெரும் தளபதி ஸ்டிலிக்கோ 408 ஆகஸ்ட் 22-இல் ராவென்னாவில் கொல்லப்பட்டான். அவனுக்குத் தந்தை வழி வாண்டல் ரத்தம். அவன் போனதும் இத்தாலிய நகரங்களில் ரோமானியப் படையினர், தங்களோடு சேர்ந்து பணிசெய்த வெளி இன வீரர்களின் மனைவி மக்களை வெட்டிப் போட்டார்கள். குடும்பத்தை இழந்த அந்த வீரர்கள் அலாரிக்கிடம் போய்ச் சேர்ந்தார்கள். சதுப்பு நிலம் சூழ்ந்த ராவென்னாவில் பேரரசர் ஹொனோரியஸ் பத்திரமாக இருக்க, அலாரிக் நேராக ரோமுக்கு வந்தான்.

ரோமைச் சுற்றி ஏறக்குறைய 19 கிலோமீட்டர் மதில். அதை ஏறிப் பிடிக்க அவன் முயலவில்லை. வாயில்களை அடைத்தான், டைபர் நதிவழியே வரும் தானியத்தை நிறுத்தினான், காத்திருந்தான். உள்ளே தினசரி ரொட்டிப் படி முதலில் பாதியாகக் குறைந்தது, பிறகு மூன்றில் ஒன்றானது. பசிக்குப் பின்னால் கொள்ளைநோய் வந்தது. பழைய பேரரசர் கிராஷியனின் விதவை லேட்டா, அரண்மனையிலிருந்து தனக்கு வந்த பொருளைக் கொண்டு பலருக்குச் சோறு போட்டாள். ஸ்டிலிக்கோவின் விதவை செரீனாவோ, எதிரிக்குக் கதவைத் திறந்துவிடுவாள் என்ற வெறும் சந்தேகத்தில், செனட்டின் முடிவுப்படி கழுத்து நெரிக்கப்பட்டாள்.

இவற்றை ஏறக்குறைய 500-ஆம் ஆண்டுவாக்கில் கிரேக்கத்தில் எழுதிவைத்தவர் ஜோசிமஸ். பழைய தெய்வங்களை நம்பியவர். ரோம் கெட்டதற்குப் புதிய மதமே காரணம் என்ற மனக்குறை அவர் எழுத்து முழுவதும் இருக்கிறது. வரலாற்று மாணவருக்கு அது எச்சரிக்கை, கதை எழுதுபவருக்கு அது புதையல். "தெய்வங்களைக் கைவிட்டோம், அதனால் இருட்டு உள்ளே வந்தது" என்று உண்மையாகவே நம்பிய ஒரு மனிதரின் மனம் அப்படியே நமக்குக் கிடைத்துவிடுகிறது.

ஜோசிமஸ் சொல்லும் ஒரு செய்தியில்தான் நம் கதையே இருக்கிறது. ரோமானியச் சட்டப்படி பிணத்தை நகரத்துக்குள் புதைக்கக் கூடாது. ரோமின் மிகப் பழைய எழுத்துச் சட்டமான பன்னிரண்டு பட்டயச் சட்டம் தொடங்கி பல நூறு வருடமாக இருந்த விதி. அதனால்தான் ரோமை விட்டு வெளியேறும் சாலைகளின் இரண்டு பக்கமும் கல்லறைகள், மண்ணுக்கடியில் சுரங்கக் கல்லறைகள். முற்றுகையில் வாயில்கள் அடைபட்டதும் பிணங்களை வெளியே எடுத்துப்போக வழி இல்லை. நகரமே செத்தவர்களின் கல்லறை ஆயிற்று, அந்த நாற்றமே உயிரோடிருப்பவர்களைக் கொல்லப் போதுமானதாக இருந்தது என்கிறார் அவர்.

பல நூறு வருடமாக மதிலுக்கு வெளியே வைக்கப்பட்ட சாவு முதன்முறையாக உள்ளேயே தங்குகிறது. இதைவிடப் பொருத்தமான காட்டேரிப் பிறப்பை யாராலும் கற்பனை செய்ய முடியாது. உங்கள் கதையின் முதல் விதியை இதிலிருந்து எழுதிக்கொள்ளுங்கள்: மதிலுக்கு வெளியே புதைக்கப்பட்டவர் எழுந்தாலும் உள்ளே வர முடியாது. உள்ளேயே கிடப்பவருக்கு அந்தத் தடை இல்லை.

காட்டேரிக்கு விதிகள்

விதிகள் தெளிவாக இல்லாத பேய்க்கதை பாதியில் படுத்துவிடும். எழுத்தாளருக்கு வேண்டும்போது பலம், வேண்டாதபோது பலவீனம் என்றால் யாரும் பயப்பட மாட்டார்கள். அதனால் ஒரு தாளில் விதிகளை முதலிலேயே எழுதி வையுங்கள். நான்கைந்துக்கு மேல் வேண்டாம்.

ரோமானியர்களுக்கு ரத்தம் குடிக்கும் உருவங்கள் ஏற்கெனவே இருந்தன. ஸ்ட்ரிக்ஸ் என்பது இரவில் பறந்து வந்து தொட்டில் குழந்தையின் ரத்தத்தை உறிஞ்சும் பறவை. லாமியா அழகிய பெண்ணாக வந்து இளைஞனை மயக்கிக் கொழுக்கவைத்துத் தின்பவள். சூனியக்காரிகள் தூங்குபவனின் கழுத்தை அறுத்து ரத்தத்தைத் தோற்பையில் பிடிப்பதாகவும் லத்தீனில் கதை உண்டு. வலிப்பு நோய் தீர கிளாடியேட்டரின் சூடான ரத்தத்தைக் குடித்தார்கள் என்று ரோமானிய அறிஞர் பிளினி அருவருப்போடு குறித்துவைத்திருக்கிறார். அதாவது, மனித ரத்தத்தில் உயிர் இருக்கிறது, அதைக் குடித்தால் அந்த உயிர் கிடைக்கும் என்பது அவர்கள் ஊறிப்போன நம்பிக்கை. நீங்கள் புதிதாக எதையும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது விதிக்கு வாசலுக்கு வாருங்கள். அழைக்காமல் காட்டேரி வீட்டுக்குள் வர முடியாது என்று நவீனக் கதைகளில் வரும். ஏன் என்று அவை பெரும்பாலும் சொல்வதில்லை. ரோமில் அதற்கு அருமையான காரணம் இருக்கிறது. கதவுப் பலகைக்கு ஃபோர்குலஸ், கீலுக்கு கார்டியா, வாசற்படிக்கு லிமென்டினஸ் என்று ஒரே வாசலுக்கு மூன்று காவல் தெய்வங்கள். கீலுக்குரிய தெய்வம் ஸ்ட்ரிக்ஸ் பறவைகளிடமிருந்து ஒரு குழந்தையைக் காப்பாற்றும் கதையை லத்தீன் கவிஞர் ஓவிட் விரிவாகவே பாடியிருக்கிறார். கதவு நிலையை மூன்று முறை இலைக்கொத்தால் தொட்டு, வாசற்படியை மூன்று முறை கோடிட்டு, நீர் தெளித்து, பன்றிக்குட்டியின் குடலை எடுத்து "இதயத்துக்கு இதயம், குடலுக்குக் குடல்" என்று பறவைகளுக்குப் படைத்து, சன்னலில் வெள்முள் கிளையைச் செருகுகிறாள் அவள். சடங்கு முழுசாகக் கையில் இருக்கிறது. அப்படியே காட்சியாக்கலாம்.

இப்போது அதன் மேல் ஒரு தேதியை வையுங்கள். 392 நவம்பரில் பேரரசர் தியோடோசியஸ் போட்ட சட்டம் கோயில் பலியை மட்டும் தடுக்கவில்லை. வீட்டுக்குள் குலதெய்வத்துக்கு விளக்கேற்றுவதையும், மது வார்ப்பதையும், சாம்பிராணி போடுவதையும் சேர்த்துத் தடுத்தது. முற்றுகை வரும்போது அந்தச் சட்டத்துக்குப் பதினாறு வயது, வாசல் தெய்வங்களுக்கு வெளிப்படையாகப் படைப்பது குற்றம். எந்த வீட்டு வாசல் இன்னும் காக்கிறது, எது சும்மா மரமும் கல்லும்? இரகசியமாகப் படையல் போட்டுவந்த ஒரு கிழவியின் வீடு மட்டும் பாதுகாப்பாக இருக்கிறது என்று வைத்தால், அந்தத் தெருவே அவள் வாசலில் வந்து நிற்கும். சட்டப்படி அவள் குற்றவாளியும்கூட. கதைக்கு வேண்டிய முடிச்சு அந்த வாசலிலேயே விழுந்துவிடுகிறது. எனக்கு இந்த முழுச் சரித்திரத்திலும் மிகவும் பிடித்த இடம் இதுதான். நல்ல எழுத்தாளர் இதிலிருந்தே ஒரு நாவல் எழுதிவிடலாம்.

மூன்றாவது, உணவு. முற்றுகைக்குள் எல்லோரும் வாடிக் கிடக்கிறார்கள். பட்டினி கிடப்பவரின் ரத்தம் காட்டேரிக்கு எவ்வளவு நாள் தாங்கும்? அதற்கும் பசிக்கும், அதுவும் மெலியும் என்று வைத்தால், ஒரு கட்டத்தில் கொழுத்த ரத்தம் செனட்டர்களின் மாளிகைகளில் மட்டும் மிஞ்சும். அல்லது மதிலுக்கு வெளியே, நன்றாகச் சாப்பிடும் கோத்துகளின் பாசறையில். வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியுமா என்பது உங்கள் முதல் விதியைப் பொறுத்தது. இப்படி விதிகள் ஒன்றோடு ஒன்று மோத வேண்டும்.

பின்னால் வந்தவற்றைக் கழித்துவிடுங்கள். வெயில் பட்டு அழிவது 1922-இல் வந்த ஜெர்மன் மௌனப்படத்தில் தொடங்கியது. பழைய ஆவிகள் விடியலில் விலகிப்போகும், அவ்வளவுதான். கண்ணாடியில் உருவம் தெரியாதது பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் வந்தது. ரத்தம் குடிக்கும் வௌவால் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது, ரோமானியர் அதைப் பார்த்ததே இல்லை. "வாம்பயர்" என்ற பெயரே 1720, 30-களில் செர்பியாவில் கல்லறைகளைத் தோண்டிப் பார்த்த அதிகாரிகளின் அறிக்கைகள் வழியாகத்தான் மேற்கு ஐரோப்பாவில் பரவியது. உங்கள் பாத்திரங்களின் வாயில் அது வரக் கூடாது. சிலுவையை என்ன செய்வது என்று கேட்பீர்கள். நகரத்தில் பலர் மனதளவில் இன்னும் பழைய மதத்தில் இருக்கிறார்கள், வெளியே இருக்கும் கோத்துகளோ கிறிஸ்தவர்கள், ஆனால் ரோம் ஏற்காத ஆரியுஸ் பிரிவு. யாருடைய சிலுவை வேலை செய்யும் என்ற கேள்விக்குக் கதையில் பதில் சொல்லாமலே விட்டுவிடுங்கள். பாத்திரங்கள் சண்டை போடட்டும்.

படையெடுத்தவர்களும் மனிதர்கள்

இதில் நான் கறாராக இருப்பேன். காட்டேரியைக் கோத்துகளின் பாசறையிலோ ஹூணர்களின் கூட்டத்திலோ பிறக்கவைக்காதீர்கள். வெளியிலிருந்து வருபவன் அரக்கன் என்பது ஆயிரத்தைந்நூறு வருடப் பழைய அவதூறு. ஆறாம் நூற்றாண்டில் ஜோர்தானெஸ் என்பவர், கோத்துகள் துரத்திவிட்ட சூனியக்காரிகளும் அசுத்த ஆவிகளும் கூடிப் பெற்ற பிள்ளைகளே ஹூணர்கள் என்று எழுதினார். அதை நாமும் திரும்ப எழுத வேண்டியதில்லை. உங்கள் கதையில் ஒரு ரோமானியன் அப்படி நம்பலாம், கதை அதை நம்பக் கூடாது.

அலாரிக்கின் ஆட்கள் ஏன் அங்கே நிற்கிறார்கள் என்பதைப் பாருங்கள். 376-இல் நதியைக் கடந்து அடைக்கலம் கேட்ட அவர்களுக்கு உணவு தராமல், ஒரு நாய்க்கு ஓர் ஆள் என்ற கணக்கில் நாய்க்கறிக்கு அவர்களின் பிள்ளைகளை ரோமானிய அதிகாரிகள் அடிமைகளாக வாங்கினார்கள். சொன்னது அம்மியானுஸ், அவரே ரோமானியப் படை அதிகாரியாக இருந்தவர். அந்தப் பிள்ளைகள் 408-இல் நடுவயதில் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் ரோமுக்குள் ஏதோ ஒரு வீட்டில் அடிமையாக இருக்கலாம், அண்ணன் மதிலுக்கு வெளியே வாளோடு நிற்கலாம். முற்றுகை தளர்ந்ததும் நகரத்து அடிமைகள் ஆயிரக்கணக்கில் வெளியேறி அலாரிக்கிடம் சேர்ந்தார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. ரத்தம் உறிஞ்சுவது யார் என்ற கேள்வி இங்கே காட்டேரி வருவதற்கு முன்பே எழுந்துவிடுகிறது.

யாருடைய கண்ணால் பார்ப்பது

பேரரசர், தளபதி, போப்பாண்டவர் எல்லோரையும் பின்னால் தள்ளுங்கள். அவர்களைப் பற்றி வதந்தி வரட்டும், அவர்கள் வர வேண்டாம். சுரங்கக் கல்லறைகளில் குழி வெட்டி இடம் விற்ற தொழிலாளர்கள் அன்று ரோமில் இருந்தார்கள். அவர்களில் ஒருவருடைய மகளை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லறைக்குப் போகும் வாயில் அடைபட்டுவிட்டது, பிணங்கள் வருவது மட்டும் நிற்கவில்லை. எந்தப் பிணம் நேற்று எங்கே கிடந்தது என்று அவளுக்குத் தெரியும். இன்று இல்லாததை முதலில் கவனிப்பவளும் அவள்தான்.

காட்டேரியின் கண்ணால் முழுக் கதையையும் சொல்ல ஆசை வரும். முதல் கதையில் வேண்டாம். பசியின் உள்ளிருந்து எழுதுவது கடினம், சீக்கிரம் தத்துவமாகிவிடும்.

நாட்களை அடுக்குவது

முற்றுகை தானாகவே ஒரு கதைவரிசை கொடுக்கிறது: ரொட்டி பாதி, ரொட்டி மூன்றிலொன்று, நோய், பிணங்கள், தூது, மீட்புப்பணம், வாயில் திறப்பு. இந்த ஏழு கட்டத்தோடு உங்கள் காட்டேரியின் வளர்ச்சியை இணைத்தால் கட்டுமானம் முடிந்தது. ரொட்டி குறையும் நாட்களில் அது தென்படவே கூடாது. ஒரு பிணம் வெளுத்திருக்கிறது, ஒரு நாய் ஒரு வீட்டைச் சுற்றிப் போகிறது, அவ்வளவு போதும்.

நடுவில் ஓர் அற்புதமான காட்சி இருக்கிறது. நார்னியா என்ற ஊரை இடி மின்னலை வரவழைத்துக் காப்பாற்றியதாகச் சொல்லிக்கொண்டு எத்ருஸ்கச் சடங்குக்காரர்கள் ரோமுக்கு வந்தார்கள். நகரத் தலைவர் போப்பாண்டவர் இன்னொசென்ட்டிடம் கேட்டாராம். இரகசியமாகச் செய்துகொள்ளட்டும் என்று அவர் விட்டாராம். சடங்கு பொதுச்செலவில், செனட்டர்கள் மலைக்கோயிலுக்கு ஏறிவந்து, எல்லோரும் பார்க்க நடந்தால்தான் பலிக்கும் என்றார்கள் வந்தவர்கள். யாருக்கும் அந்தத் துணிச்சல் வரவில்லை, அனுப்பிவிட்டார்கள். ஜோசிமஸ் சொல்லும் இந்தக் கதை எவ்வளவு உண்மையோ, உங்கள் கதாநாயகி அந்தக் கூட்டத்தில் நிற்க வேண்டும்.

பிறகு மீட்புப்பணம். தூதர்கள் நகரத்தின் ஜனத்தொகையைச் சொல்லி மிரட்டியபோது, அடர்ந்த புல்லை அறுப்பது எளிது என்றானாம் அலாரிக். எங்களுக்கு எதை விட்டுவைப்பாய் என்று கேட்டதற்கு, உயிரை என்றானாம். கடைசியில் முடிவானது 5,000 பவுண்டு தங்கம், 30,000 பவுண்டு வெள்ளி, 4,000 பட்டு அங்கிகள், 3,000 செஞ்சாயத் தோல்கள், 3,000 பவுண்டு மிளகு. ரோமானியப் பவுண்டு நம் கணக்கில் சுமார் 327 கிராம், ஆக மிளகு மட்டும் ஏறக்குறைய ஒரு டன். அந்த மிளகு விளைந்தது பழைய சேர நாட்டுக் கரையில். பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு திரும்பும் யவனர் கலங்களைச் சங்கப் பாடல் சொல்கிறதே, அதே வணிகத்தின் கடைசிக் காலத்து மூட்டைகள் அவை. தமிழ் வாசகருக்கு அந்த மூட்டையின் வாசனை உடனே பிடிபடும், ஒரு வரியில் காட்டினால் போதும்.

தங்கம் போதாமல் தெய்வச் சிலைகளின் அணிகலன்களைப் பிடுங்கினார்கள். சிலவற்றை உருக்கினார்கள், அவற்றில் வீரத்தின் தேவதைச் சிலையும் ஒன்று. உங்கள் விதிப்படி வாசல் தெய்வங்கள் காக்கின்றன என்றால், இந்த இரவில் காட்டேரிக்கு எவ்வளவு பலம் கூடும் என்று யோசியுங்கள். எதிரி போய்விடுவான், ஆனால் அவனை அனுப்பக் கொடுத்த விலையில் மிச்சக் காவலும் போய்விட்டது. உச்சக்கட்டம் இங்கேதான் வர வேண்டும்.

மொழியும் நடையும்

"தாங்கள் யாது உரைத்தீர்" என்ற மேடை நடை திகிலைக் கொன்றுவிடும். எளிய எழுத்துத்தமிழில் பேசவையுங்கள்.

"அப்பா, ஆலைக்காரர் வீட்டுத் திண்ணையில் கிடத்தினோமே, அந்தப் பையன் இல்லை."
"யாராவது எடுத்துப் போயிருப்பார்கள், அம்மா."
"எங்கே எடுத்துப் போவார்கள்? வாயில்தான் மூடியிருக்கிறதே."

இவ்வளவு போதும், பழமை வந்துவிடும். பெயர்களுக்கு ஒரே எழுத்துக்கூட்டலை முடிவுசெய்து கடைசிவரை வையுங்கள். ஓர் அத்தியாயத்தில் அலாரிக், அடுத்ததில் அலரிக்கஸ் என்றால் வாசகர் இரண்டு ஆள் என்று நினைப்பார்.

நேரத்தைச் சொல்வதில் நமக்கு ஒரு வசதி. ரோமானியர் இரவை நான்கு காவலாகப் பிரித்தார்கள், நம் நான்கு சாமம் போலவே. "மூன்றாம் சாமம்" என்று தயங்காமல் எழுதலாம். அவர்களுடைய மணிக்கணக்கில் இன்னொன்றும் உண்டு. பகல் பன்னிரண்டு பாகம், இரவு பன்னிரண்டு பாகம், அதனால் குளிர்காலத்தில் இரவு மணி நீளும். டிசம்பர் ரோமில் ஓர் இரவு மணி இன்றைய கணக்கில் ஏறக்குறைய 75 நிமிடம். முற்றுகை குளிர்காலத்தை நோக்கிப் போகிறது. ஒவ்வொரு வாரமும் காட்டேரிக்கு நேரம் கூடுகிறது என்பதை உங்கள் பாத்திரங்கள் எண்ணிப் பயப்படலாம்.

எழுதி முடித்த பிறகு

ஒரு தடவை பொருள்களுக்காக மட்டும் படியுங்கள். உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய், மக்காச்சோளம் இருந்தால் நீக்குங்கள். காகிதம் கிடையாது, மெழுகுப் பலகையும் பாப்பிரஸ் என்ற நாணல் தாளும் தோல் ஏடும்தான். குதிரைக்குச் சேணம் உண்டு, ஆனால் ரோமானியருக்கு அங்கவடி கிடையாது. விளக்கில் எரிவது ஆலிவ் எண்ணெய். ஆடையில் ஒரு நுட்பம்: ரோமுக்குள் கால்சட்டை அணியக் கூடாது என்று ஹொனோரியஸ் சட்டம் போட்டிருந்தார், அது வெளி இனத்தவர் உடை என்பதால். இரவில் கால்சட்டையோடு ஒருவன் சந்துக்குள் போனால், தெருவே வேறு காரணத்துக்காகப் பயப்படும். உண்மையான காட்டேரி ஒழுங்காக ரோமானிய அங்கி போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கலாம்.

இரண்டாம் தடவை விதிகளுக்காகப் படியுங்கள். ஆரம்பத்தில் எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்து, எங்காவது காட்டேரி உங்கள் வசதிக்காக விதியை மீறியிருக்கிறதா என்று பாருங்கள். மீறியிருந்தால் காட்சியை மாற்றுங்கள், விதியை மாற்றாதீர்கள்.

அடுத்த கதைக்கும் விதை வேண்டுமானால் இரண்டு இருக்கின்றன. அலாரிக் 410-இல் தெற்கு இத்தாலியில் இறந்தபோது புசென்டோ நதியைத் திருப்பிவிட்டு, ஆற்றுப்படுகையில் புதைத்து, மறுபடி நீரை விட்டு, குழி தோண்டிய கைதிகளைக் கொன்றார்களாம். ஹூணர்களின் அரசன் அட்டிலா 453-இல் தன் திருமண இரவில் மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் தொண்டையை அடைத்துச் செத்தான். அவன் வீரர்கள் கண்ணீர் வேண்டாம், ரத்தத்தாலேயே அழுவோம் என்று முகங்களைக் கீறிக்கொண்டார்கள். தங்கம், வெள்ளி, இரும்பு என்று மூன்று உறைக்குள் வைத்து இரவில் புதைத்தார்கள், புதைத்தவர்களையும் விடவில்லை. இரண்டையும் சொன்னவர் ஜோர்தானெஸ். இரண்டு கல்லறைகளும் இன்றுவரை கிடைக்கவில்லை. இவற்றில் எதைத் தொட்டாலும் அரசனையே காட்டேரி ஆக்கிவிடாதீர்கள், அந்த எண்ணம் எல்லோருக்கும் முதலில் வரும். குழி தோண்டியவர்களில் ஒருவனிடமிருந்து ஆரம்பியுங்கள்.